பல இனத்தவர் சேர்ந்து உழைக்கும் தொழிற்சாலையில் எல்லாருக்கும் இடம் கிடைக்க எங்கிருந்து தொடங்குவது?

பினாங்கின் பிறை தொழிற்பேட்டையில் ஏறத்தாழ 200 பேர் பணியாற்றும் உற்பத்தி நிறுவனம் ஒன்றில் மனிதவள அதிகாரியாக அண்மையில் சேர்ந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகியோருடன் நேப்பாள, வங்காளதேசத் தொழிலாளர்களும் அங்கு இருக்கிறார்கள் என்றும், அனைவரையும் அரவணைக்கும் பணிச்சூழலை உருவாக்க ஒரு திட்டம் தரும்படி நிர்வாகம் கேட்டிருக்கிறது என்றும் குறிப்பிட்டிருந்தீர்கள். பெருநாள் விருந்துகளும் ஒருநாள் பயிற்சிப் பட்டறையும் போதுமா, போதாதென்றால் எங்கிருந்து தொடங்குவது, பலன் கிடைத்திருக்கிறது என்பதை நிர்வாகத்துக்கு எப்படிக் காட்டுவது என்பவை உங்கள் கேள்விகள்.

பினாங்கில் மின்னணுத் தொழிற்சாலைகளின் மனிதவளப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். விருந்துகளை நிறுத்த வேண்டாம். அவற்றால் மனம் நெருங்குகிறது என்பது உண்மை. ஆனால் நம் நாட்டு நிறுவனங்கள் விருந்து வைப்பதில் ஏற்கெனவே தேர்ந்தவை. தீபாவளிக்கு வரவேற்பறையில் கோலம், சீனப் பெருநாளுக்குச் சிங்க நடனம், நோன்புப் பெருநாளுக்குத் திறந்த இல்ல உபசரிப்பு என எதிலும் குறை இருப்பதில்லை. குறை இருப்பது வேறு நான்கு தாள்களில்: ஷிப்ட் அட்டவணை, வேலை விளம்பரம், பயிற்சிக்கு அனுப்பப்படுவோரின் பெயர்ப்பட்டியல், புகார்ப் பதிவேடு. ஒரு நிறுவனத்தில் யாருக்கு இடம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்பது இந்த நான்கிலும் எழுத்தில் இருக்கும். விருந்துக்கு அழைத்துப் பந்தியில் உட்கார வைத்துவிட்டு இலை போடாமல் விடுவது போன்ற நிலையில் பலர் ஆண்டுக்கணக்காக வேலை செய்கிறார்கள். உங்கள் திட்டம் அந்தத் தாள்களிலிருந்து தொடங்கட்டும்.

முதலில் விடுமுறை. வேலைவாய்ப்புச் சட்டம் 1955-இன்படி தனியார் துறைத் தொழிலாளருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 11 பொது விடுமுறை நாள்கள் உண்டு. அவற்றுள் 5 மட்டுமே மாற்ற இயலாதவை: தேசிய தினம், மாமன்னரின் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் அல்லது ஆளுநரின் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம். எஞ்சிய 6 நாள்களை அரசு அறிவித்த பொது விடுமுறைகளிலிருந்து முதலாளியே தேர்ந்தெடுத்து, ஆண்டு பிறப்பதற்கு முன் எல்லாரும் பார்க்கும் இடத்தில் அறிவிப்பாக ஒட்ட வேண்டும். அப்படியானால் தீபாவளியும் தைப்பூசமும் அந்தப் பட்டியலில் இருக்குமா என்பதை முடிவு செய்வது நிர்வாகம்தான். பெரும்பாலான நிறுவனங்கள் தீபாவளியைச் சேர்த்துக்கொள்கின்றன. தைப்பூசம் பினாங்கில் மாநில விடுமுறை என்றாலும் சில தொழிற்சாலைகளின் பட்டியலில் அது இருப்பதில்லை. பட்டியலைத் தயாரிப்பவர் கெட்ட எண்ணத்தோடு அதை விட்டிருக்க மாட்டார். தயாரிக்கும் அறையில் அந்த நாளைப் பற்றி நினைவூட்ட ஒருவர் இல்லாமல் போயிருக்கும்.

பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் போதாது. 12 மணி நேர ஷிப்டில் தொடர்ந்து இயங்கும் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முதல் நாள் இரவு 7 மணிக்கு உள்ளே நுழையும் தொழிலாளி மறுநாள் காலை 7 மணிக்குத்தான் வெளியே வருகிறார். பட்டர்வொர்த்திலோ நிபோங் திபாலிலோ இருக்கும் வீட்டை அடையும்போது எண்ணெய்க் குளியலும் பூசையும் முடிந்து, பிள்ளைகள் புத்தாடை உடுத்தி, முதல் விருந்தினரும் வந்திருப்பார்கள். விடுமுறை நாளில் உழைத்ததற்கான கூடுதல் ஊதியம் அவருக்குக் கிடைக்கும். அந்த விடியற்காலை கிடைக்காது. தைப்பூசமும் அப்படித்தான். ரதம் முதல் நாளே ஜார்ஜ்டவுனிலிருந்து தண்ணீர்மலை முருகன் கோயிலை நோக்கிப் புறப்பட்டுவிடுகிறது. காவடி எடுப்பவருக்கு விரதம் அதற்கும் முன்பே தொடங்கிவிடுகிறது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பெரும்பான்மையினரின் பெருநாளின்போது ஆலையே உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. எண்ணிக்கையில் குறைந்தவரின் பெருநாளின்போது அந்தத் தனிமனிதர் விண்ணப்பம் எழுதி, மேற்பார்வையாளரின் முகம் பார்த்து நிற்க வேண்டியிருக்கிறது. யாரையும் புண்படுத்தும் நோக்கமின்றியே இந்த ஏற்றத்தாழ்வு உருவாகிவிடுகிறது. ஆனால் ஆண்டுதோறும் அதை அனுபவிப்பவருக்கு, தாம் இந்த இடத்தில் யார் என்பது விளங்கிவிடுகிறது. இதற்கு நான் பரிந்துரைக்கும் வழி எளிமையானது. ஒவ்வொரு தொழிலாளியும், வெளிநாட்டவர் உட்பட, தமக்கு முக்கியமான ஒரு பெருநாளை முந்தைய ஆண்டு நவம்பருக்குள் பதிவு செய்யட்டும். அந்த நாளும் அதற்கு முந்தைய இரவும் அவருக்கு உறுதி என்று நிர்வாகம் எழுத்தில் தரட்டும். நேப்பாளத் தொழிலாளரின் பெருநாளான தசாயின் நம் நாட்டு விடுமுறைப் பட்டியலில் இல்லாவிட்டாலும், கட்டாயமான ஐந்தைத் தவிர மற்ற விடுமுறைகளை இருதரப்பும் ஒப்புக்கொண்டு வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. யாருக்கு எந்த நாள் தேவை என்பது ஓராண்டுக்கு முன்பே தெரிந்தால் அட்டவணை போடுபவருக்கும் வேலை சுலபம்.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹலால் முறையை நம் நிறுவனங்கள் நன்றாகவே பேணுகின்றன. மாட்டிறைச்சி தவிர்ப்பவருக்கும் சைவ உணவு உண்பவருக்கும், குறிப்பாகப் புரட்டாசி மாதத்தில், தனிப் பாத்திரமும் தனிக் கரண்டியும் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்தது மொழி. இதில்தான் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். ஷிப்ட் தொடங்குமுன் நடக்கும் ஐந்து நிமிடக் கூட்டத்தில் ஒருநாள் பின்வரிசையில் போய் நில்லுங்கள். மேற்பார்வையாளர் மலாயில் வேகமாகப் பேசி, இறுதியில் "பாஹாம்?" (புரிந்ததா?) என்று கேட்பார். எல்லாரும் தலையாட்டுவார்கள். நான் பார்த்த ஓர் ஆலையில் புதிதாக வந்த நேப்பாள இளைஞர் ஒருவர் அப்படித் தலையாட்டிவிட்டு, கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் இருந்த மூத்தவரின் சட்டைக் கையை இழுத்து ஏதோ கேட்டார். அந்த மூத்தவர் இயந்திரத்தின் சிவப்புப் பொத்தானைச் சுட்டிக்காட்டி, கையை அகல விரித்துச் சைகையால் விளக்கினார். அன்று அறிவிக்கப்பட்டது ஒரு பாதுகாப்பு நடைமுறை மாற்றம். அது அந்த இளைஞருக்குப் போய்ச் சேர்ந்தது நிறுவனத்தின் ஏற்பாட்டால் அல்ல, ஒரு சக ஊழியரின் நல்ல மனத்தால். அவர் அன்று விடுப்பில் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே, புரிந்ததா என்று கேட்பதை நிறுத்தி, செய்து காட்டச் சொல்லும்படி மேற்பார்வையாளர்களைப் பழக்குங்கள். பாதுகாப்பு அறிவிப்புகள் நேப்பாளி, வங்காள மொழிகளிலும் இருக்கட்டும்; அந்த மொழிபெயர்ப்பை ஆலையிலேயே வேலை செய்யும் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகு ஒட்டுங்கள்.

அலுவலக அறைகளில் இதே சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. கூட்டம் ஆங்கிலத்திலோ மலாயிலோ தொடங்கும். கருத்து வேறுபாடு முற்றும்போது இருவர் சீன மொழிகளான ஹொக்கியனுக்கோ மாண்டரினுக்கோ மாறுவார்கள். அந்த இரண்டு நிமிடத்தில் முடிவு எடுக்கப்பட்டுவிடும். அறையில் இருக்கும் தமிழரும் மலாய்க்காரரும் முடிவை மட்டும் பின்னர் தெரிந்துகொள்வார்கள். இதே தவற்றை நாமும் செய்கிறோம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். தமிழ் மேற்பார்வையாளரும் தமிழ்த் தொழிலாளரும் நேப்பாளத் தொழிலாளர் முன்னிலையில் அவரைப் பற்றியே தமிழில் பேசிச் சிரிப்பதை நான் கண்டிருக்கிறேன். வயதில் மூத்த வங்காளதேசத் தொழிலாளியை "டேய்" என்று அழைப்பதும், நிறத்தைச் சொல்லிப் பட்டப்பெயர் வைப்பதும் நம்மவரிடமும் உண்டு. பேச்சில் தாய்மொழி வருவது இயல்பு. உணவு இடைவேளையில் யார் எந்த மொழியில் பேசினாலும் அதில் தலையிட வேண்டாம். வேலை குறித்து முடிவெடுக்கும் நேரத்தில் மட்டும், அறையில் உள்ள அனைவருக்கும் தெரிந்த மொழியில் பேசுவது என்ற ஒரே விதியை வகுத்து, கூட்டத் தலைவரை அதற்குப் பொறுப்பாக்குங்கள்.

ஆள் சேர்ப்பதில் உள்ள பாரபட்சம் மலேசியாவில் ஆய்வுகளால் உறுதிப்பட்டது. பொருளாதார ஆய்வாளர்கள் இருவர், பட்டதாரிகளின் பெயரில் புனைந்த விண்ணப்பங்களைத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பி, தகுதி ஒத்திருந்தும் மலாய்ப் பெயர்களைவிடச் சீனப் பெயர்களுக்கு நேர்காணல் அழைப்பு மிகுதியாக வந்ததை 2016-இல் வெளியிட்டார்கள். 2019-இல் சென்ட்-ஜிபிஎஸ் என்ற ஆய்வு மையம் இந்தியப் பெயர்களையும் சேர்த்து இதே முறையில் சோதித்தபோது, இந்திய விண்ணப்பதாரர்களுக்கே மிகக் குறைந்த அழைப்புகள் வந்தன. நம் பிள்ளைகள் பலர் வீட்டில் சொல்லிவந்த அனுபவத்துக்கும் இந்த முடிவுக்கும் வேறுபாடு இல்லை.

உங்கள் அதிகாரத்துக்குள் நீங்கள் செய்யக்கூடியவை இங்கே நிறைய உள்ளன. விண்ணப்பங்களை முதற்கட்டமாகப் பிரிக்கும்போது பெயர், படம், மதம், திருமண நிலை ஆகியவற்றை மறைத்துவிட்டுக் கொடுங்கள். நேர்காணலில் எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, குழுவினர் தங்களுக்குள் பேசுமுன் தனித்தனியே மதிப்பெண் இடச் செய்யுங்கள். விளம்பரத்தில் "மாண்டரின் தெரிந்திருக்க வேண்டும்" என்ற வரி இருந்தால், அதைக் கேட்ட துறைத் தலைவரிடம் எந்தப் பணிக்காக என்று எழுதி வாங்குங்கள். தைவானிலோ சீனாவிலோ உள்ள வாடிக்கையாளரோடு நாள்தோறும் பேச வேண்டிய பணியென்றால் அது நியாயமான தேவை. அதை விளம்பரத்தில் விளக்கிவிட்டால் மனக்குறைக்கு இடமில்லை. காரணம் எதுவும் எழுதித் தர முடியாவிட்டால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட விளம்பரங்களில் அந்த வரி பழைய விளம்பரத்திலிருந்து அப்படியே வந்ததாகவே இருந்தது. தெரிந்தவர் வழியாக ஆள் சேர்க்கும் பழக்கத்தையும் கவனியுங்கள். ஒரே ஊர், ஒரே உறவு என்று ஒரு பிரிவு நிறைந்துவிடுவது எல்லா இனத்திலும் நடக்கிறது.

வேலையில் சேர்ந்த பிறகு முன்னேற்றத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பயிற்சி. குறிப்பிட்ட துறைகளில் 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர் உள்ள நிறுவனங்கள் மாத ஊதியத்தில் 1 விழுக்காட்டை எச்.ஆர்.டி. கோர்ப் என்ற மனிதவள மேம்பாட்டுக் கழகத்தின் பயிற்சி நிதிக்குச் செலுத்துகின்றன. அந்தப் பணத்தில் யார் யார் பயிற்சிக்குப் போனார்கள் என்ற பட்டியல் உங்கள் அலுவலகத்திலேயே இருக்கும். கடந்த மூன்று ஆண்டுப் பட்டியலை எடுத்து, இயந்திர இயக்குநர்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், எந்த இனத்தவர் எத்தனை பேர், ஒரே ஆள் எத்தனை முறை என்று எண்ணுங்கள். உற்பத்தி வரிசைத் தலைவர் பதவிக்கு ஏன் அதே முகங்கள் வருகின்றன என்ற கேள்விக்கு விடை அங்கே கிடைத்துவிடும்.

சட்டம் எதுவரை துணை நிற்கும் என்பதையும் தெளிவாக அறிந்திருங்கள். கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) பிரிவு சமயம், இனம், வம்சாவளி, பிறப்பிடம் ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. 2001-இல் பாலினமும் சேர்க்கப்பட்டது. ஆயினும் கருவுற்றதால் வேலையிழந்த விமானப் பணிப்பெண் ஒருவரின் வழக்கில், இந்தப் பாதுகாப்பு அரசுக்கும் பொது அதிகார அமைப்புகளுக்கும் எதிராகவே பொருந்தும், தனியார் முதலாளிக்கு எதிராக அல்ல என்று கூட்டரசு நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தின் 69எஃப் பிரிவு இந்த இடைவெளியை ஓரளவு அடைக்கிறது. வேலையில் பாகுபாடு குறித்துத் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் எழும் தகராறைத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து ஆணையிடலாம். ஆணையை மீறினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. ஆனால் அது ஏற்கெனவே வேலையில் இருப்பவரைத்தான் காக்கிறது. விண்ணப்பித்து விடையின்றிக் காத்திருப்பவரைக் காக்கவில்லை. விண்ணப்பதாரருக்கு நியாயம் கிடைப்பது இன்றைக்கும் உங்களைப் போன்ற அதிகாரிகளின் கையில்தான் இருக்கிறது.

பெண்களைப் பொறுத்தவரை பினாங்குக்கு ஒரு தனிக் கடமை உண்டு என்று நான் நினைக்கிறேன். 1972-இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தகத் தொழில்மண்டலம் தொடங்கிய நாளிலிருந்து இந்தத் தீவின் மின்னணுத் தொழில் கம்பங்கள் எனப்படும் மலாய்க் கிராமங்களிலிருந்தும் தோட்டப்புறங்களிலிருந்தும் வந்த இளம்பெண்களின் விரல்களால் வளர்ந்தது. அப்படியிருந்தும் இன்று நாட்டில் ஆண்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் வேலைச் சந்தையில் இருக்க, பெண்களில் ஏறக்குறைய 56 விழுக்காட்டினரே இருக்கிறார்கள். 2023 திருத்தம் மகப்பேற்று விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தியது. தந்தைக்கு 7 நாள் விடுப்புத் தந்தது. வார வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்தது. நேரத்தையோ இடத்தையோ மாற்றி வேலை செய்ய எழுத்தில் விண்ணப்பித்தால் 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். இவையெல்லாம் உங்கள் கையேட்டில் ஏற்கெனவே இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது, பிள்ளை பெற்றுத் திரும்பியவரின் அந்த ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தை. 98 நாள் ஆலையில் இல்லாததால் இலக்கு எட்டவில்லை என்று அவருக்கு நடுத்தர மதிப்பெண் தரப்பட்டிருந்தால், சட்டம் தந்த உரிமைக்கு ஊதிய உயர்வில் தண்டனை விதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். வேலை செய்த மாதங்களுக்கு மட்டும் இலக்கைக் கணக்கிடும்படி படிவத்தையே மாற்றுங்கள். இரவு ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் பேருந்து, தாய்ப்பால் எடுத்துச் சேமிக்கப் பூட்டுள்ள ஓர் அறை, ஒரு சிறு குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றுக்குப் பெரிய செலவில்லை.

தோற்ற விதிமுறைகளும் பெண்களையும் நம்மவரையும் அதிகம் உறுத்துபவை. தூய்மை அறைக்குள் முழு உடையும் நிலைமின் தடுப்புப் பட்டையும் அணிந்து நுழைய வேண்டிய இடத்தில், மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிறு பட்டை தோலைத் தொடுவதற்குத் தடையாகலாம்; வளையல் சுழலும் இயந்திரத்தில் சிக்கலாம். அங்கே விதி நியாயமானது. காரணத்தைச் சொல்லி, கழற்றியதை வைக்கப் பூட்டுள்ள பெட்டியும் கொடுத்தால் எவரும் ஏற்றுக்கொள்வார். ஆனால் உடைக்குள் மறைந்திருக்கும் தாலியைக் கழற்றச் சொல்வதற்கும், தைப்பூசத்துக்கு மொட்டையடித்து வந்தவரை வரவேற்பு முகப்பிலிருந்து மாற்றுவதற்கும், நெற்றித் திருநீற்றைத் துடைக்கச் சொல்வதற்கும் என்ன பாதுகாப்புக் காரணம் இருக்கிறது? ஒவ்வொரு விதியின் பக்கத்திலும் அதன் காரணத்தை எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாதவை தாமாக உதிர்ந்துவிடும்.

மாற்றுத் திறனாளிகளைச் சேர்ப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆயினும் பினாங்கில் இதைப் பேசாமல் விட முடியாது. நாட்டின் முதல் செவித்திறன் குறைந்தோர் பள்ளி 1954-இல் தொடங்கப்பட்டது நம் பினாங்கில்தான். மாற்றுத் திறனாளிகள் சட்டம் 2008 வேலை பெறுவதில் அவர்களுக்குச் சம உரிமை உண்டு என்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தில் தண்டனைப் பிரிவு இல்லை. அரசுத் துறைக்கு 1 விழுக்காட்டு ஒதுக்கீடு உண்டு, தனியாருக்கு இல்லை. எனினும் இவர்களுக்குத் தரும் ஊதியத்துக்கு வருமான வரியில் இரட்டைக் கழிவு உண்டு என்பதை உங்கள் கணக்குப் பிரிவுக்கு நினைவூட்டுங்கள். செவித்திறன் குறைந்தவரைச் சேர்த்தால் நேர்காணலுக்குச் சைகைமொழிபெயர்ப்பாளரை அழையுங்கள். பேசும்போது மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல் விண்ணப்பதாரரையே பார்த்துப் பேசுங்கள். தீ அபாய ஒலியோடு மின்னி எரியும் விளக்கையும், கழிவறை உட்பட, பொருத்துங்கள். அவருடைய வரிசையில் இருக்கும் நான்கைந்து பேராவது மலேசியச் சைகைமொழியின் அடிப்படையைக் கற்கட்டும்.

வெளிநாட்டுத் தொழிலாளர் விஷயத்தில் எந்த இணக்கப் பேச்சுக்கும் முன் ஒன்றை உறுதி செய்யுங்கள்: கடப்பிதழ் (பாஸ்போர்ட்) அவரவர் கையில் இருக்க வேண்டும். பிறருடைய கடப்பிதழைச் சட்டபூர்வ அதிகாரமின்றி வைத்திருப்பது கடப்பிதழ்ச் சட்டம் 1966-இன்படி குற்றம். கட்டாய உழைப்புக்கு 2023 முதல் வேலைவாய்ப்புச் சட்டத்திலேயே 100,000 ரிங்கிட் வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். பாதுகாப்பாக வைத்திருக்கிறோம் என்று யாராவது சொன்னால், தங்குமிடத்தில் ஒவ்வொருவருக்கும் சாவியுடன் பெட்டி கொடுங்கள். பாதுகாப்புக் குழுவிலும் உணவகக் குழுவிலும் அவர்களின் பிரதிநிதி ஒருவர் இருக்கட்டும். அவரை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.

கடைசியாகப் புகார்ப் பதிவேடு. பாலியல் தொல்லை குறித்த விழிப்புணர்வு அறிவிப்பை எல்லாரும் காணும் இடத்தில் ஒட்டுவது 2023 முதல் கட்டாயம். புகார் வந்தால் விசாரிக்க வேண்டும். விசாரிக்க மறுத்தால் 30 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் 2022-இன்கீழ் அமைந்த தீர்ப்பாயத்துக்குப் பாதிக்கப்பட்டவர் நேரடியாகவும் செல்லலாம். அது 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்க முடியும். இந்த விவரங்கள் உங்கள் ஆலையில் பேசப்படும் எல்லா மொழிகளிலும் இருக்கட்டும். புகாரைப் பெறுபவர் ஒருவர் மட்டும் என்றிருக்க வேண்டாம். வெவ்வேறு இனத்தைச் சேர்ந்த ஆணும் பெண்ணுமாகக் குறைந்தது மூவர் இருந்தால், தொழிலாளி தமக்கு நம்பிக்கையானவரைத் தேடிப் போவார். அந்த மூவரில் எவரும் அவருடைய நேரடி மேலதிகாரியாக இருக்கக் கூடாது.

பலனை எப்படிக் காட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். பதவி உயர்வு, பயிற்சி, வேலையை விட்டு விலகியோர் ஆகிய மூன்று எண்ணிக்கைகளையும் பிரிவு வாரியாக இப்போதே எடுத்து வைத்து, ஓராண்டு கழித்து ஒப்பிடுங்கள். ஆனால் புகார்களின் எண்ணிக்கை முதல் ஆண்டில் நிச்சயம் ஏறும். இதுவரை பதிவேடு வெறுமையாக இருந்ததைக் கண்டு நிர்வாகம் மகிழ்ந்திருக்கும். திடீரென்று பத்துப் பன்னிரண்டு புகார்கள் வந்தால் உங்கள் திட்டம்தான் பிரச்சினையைக் கிளப்பிவிட்டது என்று நினைக்கக்கூடும். ஆகவே திட்டத்தைச் சமர்ப்பிக்கும் நாளிலேயே இதைச் சொல்லிவிடுங்கள்: அந்தப் புகார்கள் புதிதாக முளைத்தவை அல்ல, சொல்ல இடமின்றி நெஞ்சுக்குள் கிடந்தவை என்று. அதை மேலாளர் ஏற்றுக்கொண்டார் என்பது கூட்டக் குறிப்பிலும் பதிவாகட்டும்.